யார் வேண்டியது, யார் செலுத்துவது

அமுதவள்ளியைப் பற்றிக் கிள்ளானில் யாரைக் கேட்டாலும், "ரொம்பப் பொறுமையான பிள்ளை" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முப்பத்தெட்டு வயதுக்காரியை இன்னும் பிள்ளை என்கிறார்களே, அது ஒன்று. எல்லாச் சுமையையும் அவள் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயரும் வைக்கிறார்களே, அது இன்னொன்று. நான் லோகேஸ்வரி. பூச்சோங்கில் ஒரு லோரி கம்பெனியில் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அனுப்பிவைக்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டிரைவர்களோடு தொண்டை கிழியக் கத்துகிறவளிடம் இனிமையாகப் பேசு என்றால் நடக்காது. என் சிநேகிதியின் கதையை என் வாயால் எப்படி வருகிறதோ அப்படித்தான் சொல்வேன்.

அமுதா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஃபிரேமை மூக்கில் வைத்துப் பார்த்து, காதோரம் விரலால் தடவி, எங்கே அழுத்துகிறது என்று கேட்டு வளைத்துக் கொடுப்பாள். அப்பா பந்திங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். குடும்பம் கிள்ளானுக்கு வந்த பிறகு காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா இராஜம்மா, தம்பி திருச்செல்வம், இவள். தம்பி கார் விற்கிற கம்பெனியில் இருக்கிறான். தலைக்கு ஜெல் தடவாமல் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போகமாட்டான்.

இராஜம்மா ஆன்டிக்கு எதற்கெடுத்தாலும் வேண்டுதல். அப்பாவின் முதுகுவலி தீர வேண்டும் என்று ஆன்டி வேண்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அமுதா பால்குடம் எடுத்தாள். தம்பி பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மில் தேற வேண்டும் என்று ஆன்டி வேண்டிக்கொண்டார். அமுதா ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருந்து கடையில் மயங்கி விழுந்தாள். தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அமுதா தார் கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தாள். தம்பி அன்னதானத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிடுவான். இது ஆன்டி புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. நம்மில் பாதி வீட்டில் இப்படித்தான். அம்மா வேண்டுவார், வீட்டில் எந்தப் பிள்ளை வாய் திறக்காதோ அந்தப் பிள்ளை செலுத்தும்.

போன வருஷம் திருச்செல்வம் மோட்டார் சைக்கிளோடு நெடுஞ்சாலையில் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நடப்பானா என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது, ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டு, "என் பிள்ளை எழுந்து நடந்தா அடுத்த ஆடியில என் மக உனக்கு முடி இறக்குவா, தாயே" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். அமுதா பார்லித் தண்ணீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தாள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

தம்பி எழுந்தான், நடந்தான், இப்போது வாரத்துக்கு ஒருநாள் ஃபுட்சால் பந்தாடப் போகிறான். ஆடி மாதம் வந்துகொண்டிருந்தது. அமுதாவுக்கு இடுப்பு வரை முடி. அதை வைத்து அவள் அலட்டிக்கொண்டதே இல்லை, பின்னி முடிந்துகொண்டு வேலைக்குப் போவாள். ஆனால் ஒருநாள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"லோகா, எனக்கு முடி இறக்க இஷ்டமில்ல."

"அப்போ அம்மாகிட்ட சொல்லு."

"சொன்னா தம்பிக்குத் திரும்ப ஏதாவது ஆயிடும்னு அழுவாங்க. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. அம்மன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நானா வேண்டிக்கிட்டிருந்தா சந்தோஷமா இறக்கிட்டு வந்துடுவேன்."

எனக்கு அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. அவள் விடவில்லை.

இனி நாங்கள் எப்படிச் சிநேகிதிகள் ஆனோம் என்று சொல்ல வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டருக்கு மேலே, மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் விளையாடுவோம். சீட்டு இல்லை, கேரம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார்: இதோ காடு, இதோ அரக்கன், என்ன செய்கிறாய்? மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பதில் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பல முகம் கொண்ட பகடை சொல்லும். பெரியவர்கள் இதையெல்லாம் ஆடுவார்களா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்த அறையில்தான் வாரத்தில் ஒருமுறை மூச்சு விட முடிகிறது.

கதை சொல்பவன் குரு. வீடு வாங்குகிறவர்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் வக்கீல். அந்தப் புத்தி விளையாட்டிலும் போகாது. ராஜன் இன்ஷூரன்ஸ் விற்பவன். விளையாட்டில் அவன் வாள் வீசும் வீரன். ரஃபீக் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு விசாவில் வந்தவர். விளையாட்டில் திருடன், நேரில் ஒரு பேனாவைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடும் மனிதர். நான் கோடாலிக்காரி. அமுதா மருத்துவச்சி. பாத்திரத்தின் பெயர் மருதாயி. மருத்துவச்சியாக இரு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வாளையும் கோடாலியையும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது அதுதான்.

குரு வாங்கி வைத்திருந்த ஆங்கில விதிப் புத்தகத்தில் காயம் ஆற்றும் மந்திரம் ரொம்பச் சுலபம். மருத்துவச்சி தொட்டு ஒரு சொல் சொன்னால் காயம் ஆறிவிடும். குருவுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம ஆளுங்க அம்மன்கிட்ட சும்மா போய் நிப்பாங்களா? ஏதாவது நேர்ந்துக்க வேணாமா?" என்றான். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. அங்கேயே ஒரு விதி செய்தோம். மருத்துவச்சி காயம்பட்டவரைத் தொட்டு ஆற்றுத்தாயிடம் வாய்விட்டு ஒரு வேண்டுதல் சொல்ல வேண்டும். காயம் உடனே ஆறும். கதையில் அடுத்த அமாவாசை வருவதற்குள் வேண்டுதலைச் செலுத்திவிட வேண்டும். செலுத்தாவிட்டால் ஆறிய காயம் திரும்பி வரும். இதற்கு நேர்த்தி விதி என்று பெயர் வைத்தோம்.

யார் செலுத்த வேண்டும் என்று மட்டும் நாங்கள் சொல்லவே இல்லை. எல்லாம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வேண்டுதல் என்றால் என்ன என்று தெரியாதா என்ற நினைப்பு. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் நடப்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் அதுதான் என்று எண்ணிக்கொண்டோம். பிறத்தியார் யாராவது அங்கே இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கேள்வி எழாமலே ஓடியது. ஏனென்றால் எல்லாவற்றையும் மருதாயியே செலுத்தினாள். ரஃபீக்கின் திருடனுக்கு விஷம் ஏறியபோது மருதாயி உப்புச் சாப்பிடுவதை விட்டாள். என் கோடாலிக்காரியின் விலா உடைந்தபோது செருப்பை விட்டாள். ராஜனின் வீரனுக்கு வலது கை துண்டாகிப் போனபோது தன் இடது கண் பார்வையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ராஜன் ஒவ்வொரு சண்டையிலும் முதல் ஆளாகப் பாய்வான். அடி வாங்கினால், "அக்கா இருக்காங்க லா" என்பான். ஒரு பேச்சுக்குக்கூட அவன் நன்றி சொன்னதில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தோம். கல் உடம்பு கொண்ட அரக்கன் ஒருவன் வழிமறித்தான். ராஜன் வழக்கம்போலப் பாய்ந்தான், வழக்கம்போல அடி வாங்கினான். மருதாயி ஓடிப்போய் அவனை இழுத்தாள். அரக்கன் வீசிய பாறை அவள் மேல் விழுந்தது. குரு பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மருதாயியின் உயிர்க் கணக்கு சுழியத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் விதிப்படி சுழியம் என்றால் சாவு இல்லை. சாவதற்கு முன்னால் ஒரு மூச்சு உண்டு. அந்த மூச்சில் ஒரே ஒரு காரியம் செய்யலாம்.

"அக்கா தன்னைத்தானே தொட்டு வேண்டிக்கலாமா?" என்று ரஃபீக் கேட்டார்.

குரு யோசித்தான். "தொடணும்னுதான் விதி. தன் நெஞ்சைத் தொட்டாலும் தொட்டதுதான். வாய்விட்டுச் சொல்ல ஒரு மூச்சும் இருக்கு. செய்யலாம்."

அமுதா நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்துத்தாயே, என் உயிர் திரும்பி வந்தா, ராஜனோட வீரன் தன் வாளை உனக்காக ஆத்துல விடுவான்."

ராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். அந்த வாள் அவன் ஒரு வருஷம் ஆடிச் சம்பாதித்தது.

"என்னாக்கா இது? என் வாளை நீங்க எப்படி நேர்ந்துக்கலாம்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் சைன் பண்ணாத பாலிசிக்கு நான் பிரிமியம் கட்டணுமா?"

"டேய், உன் கை போனப்ப அவ கண்ணைக் கொடுத்தாளே, அப்ப நீ எதுல சைன் பண்ணுன?" என்றேன்.

"அது அவங்களா கொடுத்தது. நான் கேட்டேனா?"

அவன் வாயில் எதையாவது திணிக்க வேண்டும் போலிருந்தது. அமுதா குரலை உயர்த்தவே இல்லை.

"ராஜன், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க வீட்டுல என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"பாப்பாவுக்கு மொட்டை போடுறதா."

"பாப்பாகிட்ட கேட்டீங்களா?"

"அது கைக்குழந்தைக்கா. அவளுக்காகத்தானே வேண்டினோம்."

"சரி. எனக்கு முப்பத்தெட்டு வயசு. எங்கம்மா என் தம்பிக்காக வேண்டிக்கிட்டாங்க. முடி இறக்கப் போறது நான். என்கிட்டயும் யாரும் கேக்கல. அது செல்லும்னா இதுவும் செல்லும்."

அப்போதுதான் மற்றவர்களுக்கு அந்த விஷயம் தெரியும். கீழே டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. ரஃபீக்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாங்க நேர்ச்சைன்னு சொல்லுவோம். எங்க வீட்டுல உம்மா நேர்ந்துக்கிட்டா உம்மாதான் செய்யும். எங்க தலையில வைக்காது. மத்த வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியல."

"எங்க வீட்டுல அப்படி இல்ல," என்றான் குரு. "எங்கப்பா பிசினஸுக்காகப் பாட்டி வேண்டினது. மூணு வருஷம் நான் காவடி எடுத்தேன். நம்ம வழக்கம்னு பாத்தா அமுதா செஞ்சது சரிதான்."

எனக்கு மனசு குளிர்ந்தது. அதற்குள் ராஜன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "அப்ப சரி. அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. நீங்களே ஆடிக்குங்க."

உடனே குருவின் முகம் மாறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்ற கவலை அவனுக்கு. மருதாயி செத்தால் அமுதா கோபித்துக்கொண்டு போகமாட்டாள், வேறொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துகொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். கத்துகிறவனுக்கு ஒரு நியாயம், கத்தாதவளுக்கு ஒரு நியாயம். அமுதாவின் வீட்டில் நடந்ததேதான் இந்த அறையிலும் நடந்தது. அதற்கு அவன் வக்கீல் வேஷம் வேறு போட்டான்.

"இருங்க, இருங்க. வழக்கம் வேற, விதி வேற. நல்லா யோசிச்சுப் பாத்தா, ஒருத்தர் வேண்டுனதை, சம்மதிக்காத இன்னொருத்தர் தலையில வைக்க முடியாது. வைக்கலாம்னு விட்டா நாளைக்கு யாரும் யார் பொருளையும் நேர்ந்துக்கலாமே. வேண்டுனவங்கதான் செலுத்தணும். இன்னொருத்தர் செலுத்தணும்னா, வேண்டுறதுக்கு முன்னால அவங்க வாயால சரின்னு சொல்லியிருக்கணும். அதனால மருதாயியோட வேண்டுதல் செல்லாது."

"நான் சரின்னு சொல்றேன்," என்றேன். "என் கோடாலியை ஆத்துல போடு. இப்பவே போடு."

"மூச்சு முடிஞ்சிருச்சு, லோகா. முன்னாலயே சொல்லியிருக்கணும்."

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லோரி டிரைவர்களே கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு கண்ணையே வாங்கிக்கொண்டு வாழ்ந்த தடியன் ஒரு வாளுக்கு அழுகிறான், உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா என்று ராஜனைக் கேட்டேன். குருவைப் பார்த்து, நீ எழுதிய ஒப்பந்தத்தில் வீடு வாங்கியவர்கள் எல்லாம் ரோட்டில் நிற்கட்டும் என்றேன். ரஃபீக் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு மருதாயி செத்துவிட்டதாகச் சொல்லி, அவளை ஆறு கொண்டு போவதை இரண்டு வாக்கியத்தில் முடித்தான்.

அமுதா தன் பகடைகளைப் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு குருவைப் பார்த்தாள்.

"அந்த விதியை இன்னொரு வாட்டி சொல்லு, குரு."

"வேண்டுனவங்கதான் செலுத்தணும். சம்மதிக்காதவங்க தலையில வைக்க முடியாது."

"ராஜன், நீ ஒத்துக்கிறியா?"

"நூறு பெர்சன்ட், அக்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"ரஃபீக் தம்பி?"

"ஒத்துக்கிறேன் அக்கா. அதான் நியாயம்."

"லோகா?"

"நான் ஏன் ஒத்துக்கணும்? இவனுங்க உன்னைக் கொன்னுட்டு..."

"ஒத்துக்க."

அவள் பார்த்த பார்வையில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்று முணுமுணுத்தேன். "நான் வீட்டுக்குப் போறேன், வேலை இருக்கு" என்றாள்.

வழக்கமாக அவள் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போவாள். அன்றைக்கு நான் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ராஜனைத் திட்டினேன். சுபாங் தாண்டியதும்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"நாலு பேர் உக்காந்து பேசி இதுதான் நியாயம்னு சொன்னாங்க. ஒரு வாளுக்கே சம்மதம் வேணுமாம். என் தலைக்கு வேணாமா?"

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். "அப்ப நீ வேணும்னே செஞ்சியா?"

"இல்ல. மருதாயி பொழைக்கணும்னுதான் செஞ்சேன். ராஜன் சரி எடுத்துக்குங்கக்கான்னு சொல்லியிருந்தா நானும் பேசாம போய் முடி இறக்கியிருப்பேன். ரெண்டு வருஷமா அவனுக்கு எல்லாம் செஞ்சேன். அவனே முடியாதுன்னு சொல்றான். ஒருத்தரும் அவனைத் தப்பா பேசல. நீ ஒருத்திதான் கத்துன. முடியாதுன்னு சொன்னா அவ்வளவுதான் ஆகும்போல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மருதாயிக்காகவா தனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் இராஜம்மா ஆன்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். தம்பி சோபாவில் காலை நீட்டிப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அமுதா கைப்பையைக்கூட வைக்காமல் அடுப்படி வாசலில் நின்றாள், நான் அவள் பின்னால்.

"அம்மா, நான் முடி இறக்க மாட்டேன்."

ஆன்டி அடுப்பை அணைத்தார். "என்ன வள்ளி பேசுற? அம்மனுக்குச் சொன்னது."

"நீங்க சொன்னது. என்னைக் கேக்காம சொன்னது. என்னால முடியாது."

"செலுத்தலைன்னா உன் தம்பிக்குத் திரும்ப ஏதாவது ஆச்சுன்னா? அவன் திரும்பப் படுத்துட்டான்னா? உனக்குச் சம்மதமா?"

இந்த இடத்தில்தான் வருஷக்கணக்காக அமுதா தோற்றுப்போயிருக்கிறாள். "செலுத்த வேணாம்னு நான் சொல்லல. வேண்டுனவங்க செலுத்தணும். நீங்க வேண்டுனீங்க. இல்லைன்னா யாருக்காக வேண்டுனீங்களோ அவன் செலுத்தட்டும். அவனைக் கேளுங்க, அவன் சரின்னு சொன்னா சரி."

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னாக்கா, முடிதானே, வளந்துடும் லா" என்றான்.

வளரும் முடிதானே, நீ இறக்கு என்று நான் கத்தினேன். எனக்கு அந்த வீட்டில் பேச உரிமை இல்லைதான். அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? அவன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் தினம் கஸ்டமரைப் பாக்கணும், ஷோரூம்ல மொட்டையோட நிக்க முடியுமா? இது எங்க ஃபேமிலி மேட்டர், நீங்க தலையிடாதீங்க."

ஆன்டி என்னைப் பார்க்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பத்தொம்பது வயசு. உன் பெரிய மாமாவுக்கு மஞ்சள்காமாலை. எங்கம்மா வேண்டிக்கிட்டாங்க, நான் மொட்டை போட்டேன். கல்யாணத்துக்குப் பேசிட்டிருந்த நேரம் அது. வந்தவங்க மொட்டைத் தலையைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. என்னை மட்டும் யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல," என்றாள் அமுதா. "அதுவும் தப்புதான்மா. கேட்டிருக்கணும்."

ஆன்டி அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார்.

அடுத்து வந்த நாட்களில் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவராக அமுதாவுக்குப் போன் செய்தார்கள். தம்பியைவிட முடி பெரிதாகப் போய்விட்டதா என்றார்கள். இந்த வயதில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அவள் பெயர் எனக்குத் தெரியும், கிள்ளானில் எங்கேயாவது கையில் கிடைக்கட்டும். தம்பியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அமுதா எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: நான் வேண்டவில்லை, நான் சம்மதிக்கவில்லை. சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனாள். தம்பி வீடு திரும்பத் தாமதமானால் வாசலில் போய் நிற்பாள். பயம் அவளை விடவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து அவள் இறங்கவில்லை.

ஆடியில் குறித்த நாளன்று ஆன்டி எப்படியும் அவளைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். கூட்டத்தில் வைத்து வற்புறுத்தினால் இவள் உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். கோயிலுக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் முக்காலிகள், வாளித் தண்ணீர், தரையெல்லாம் ஈரமுடி. ஆன்டி மஞ்சள் சேலையில் வந்திருந்தார். அமுதாவும் தம்பியும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

முறை வந்தது. "யாருக்குமா?" என்று முடி எடுப்பவர் கேட்டார்.

ஆன்டி அமுதாவைப் பார்த்தார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அமுதாவின் கை என் கையைப் பிடித்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை, காலையும் எடுத்து வைக்கவில்லை. ஆன்டி மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"மா, நாளைக்கு ஒரு பெரிய கஸ்டமர் வராரு," என்றான் திருச்செல்வம். "நான் போய் காடியை எடுத்துட்டு வரேன், பார்க்கிங் கிடைக்கிறது கஷ்டம்."

அவன் காரை எடுக்கப் போய்விட்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அந்த முக்காலியில் அமுக்க வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. அமுதா என் கையை விடவில்லை. ஆன்டி அவன் போன வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். பாதிக்கு மேல் நரைத்த முடி. தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தி ஒருத்தி அமுதாவைப் பார்த்து, "பெத்தவளை உக்கார வச்சிட்டியே" என்றாள். அமுதா அம்மாவின் தலையிலிருந்து முடி விழுவதைக் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

ஆன்டி கண்ணைத் திறந்தார். "இப்ப உனக்குத் திருப்தியா?"

"திருப்திதான்மா," என்றாள் அமுதா. "தலையைக் குனிங்க."

ஆன்டி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்தார். அமுதா சந்தனத்தைக் குழைத்து உச்சியிலிருந்து ஆரம்பித்து, காதுக்குப் பின்னாலும் விடாமல், மெதுவாகப் பூசினாள்.